வீட்டில் கட்டிய விமானத்தில் இன்ஜின் கேபிள்கள்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

"த்ராட்டில் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கேபிளைப் பற்றித் தொடங்குகிற பேச்சு, பெரும்பாலும் "புது கேபிள் எந்த நீளத்துல வாங்கட்டும்?" என்ற கேள்வியில் போய் நிற்கும். நடுவில் யாரும் இன்ஜினை மூடியிருக்கும் கவுலிங்கைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அப்படி இரண்டு கேபிள் வாங்கிப் போட்டவன்தான். முதல் கேபிளில் இருந்த கோளாறு இரண்டாவதிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. கோளாறு கேபிளில் இல்லை, அதைப் பிடித்திருந்த பிராக்கெட்டில் இருந்தது.

தள்ளவும் இழுக்கவும் உதவும் புஷ்-புல் கேபிள் என்றால் உள்கம்பி மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். கம்பி உள்ளே முன்னும் பின்னும் ஓட, உறை அசையாமல் நின்றால்தான் அந்த ஓட்டம் மறுமுனைக்குப் போய்ச் சேரும். உறை 3 மி.மீ. நகர்ந்தால், இன்ஜின் பக்கத்து லீவருக்குப் போக வேண்டிய அசைவில் 3 மி.மீ. காணாமல் போகும். அதனால் கோளாறு தேடும்போது காக்பிட்டில் கை பிடிக்கும் குமிழையும் லீவரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, உறையைப் பார்க்க வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இதிலேயே விடை கிடைத்துவிடும்.

கை வைக்கும் முன்

இக்னிஷன் இரண்டும் ஆஃப், சாவி உங்கள் சட்டைப் பையில், எரிபொருள் வால்வு மூடி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோவை எர்த் செய்து அணைக்கும் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ப்ரொப்பெல்லரைக் கொஞ்சம் திருப்பியதுமே இன்ஜின் ஒரு சுற்று பற்றிக்கொள்ளும். ஆகவே ப்ரொப்பெல்லரின் வீச்சுக்குள் நிற்கவும் வேண்டாம், சாயவும் வேண்டாம்.

அப்புறம் முதல் சோதனை. எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். இன்ஜின் பக்கத்தில் கேபிள் முனையை லீவரிலிருந்து கழற்றுங்கள். இப்போது காக்பிட்டில் குமிழை நகர்த்திப் பாருங்கள். இன்னமும் டைட்டாக இருந்தால் குற்றம் கேபிளிலோ அது போகும் பாதையிலோ இருக்கிறது. லேசாக ஓடினால் கேபிளை விட்டுவிட்டு லீவரை விரலால் நகர்த்துங்கள். கார்புரேட்டர் தண்டே பிடித்திருக்கலாம். இரண்டும் தனித்தனியாக லேசாக ஓடி, சேர்த்தால் மட்டும் முரண்டு பிடித்தால், இரண்டையும் இணைக்கும் கோணத்தில்தான் தப்பு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பாதி நாள் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

குமிழ் நகர்கிறது, லீவர் தாமதமாக நகர்கிறது அல்லது நகரவே இல்லை

ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து குமிழை மெதுவாக இழுத்துத் தள்ளட்டும். நீங்கள் உறையின் இரண்டு முனைகளையும் விரலால் தொட்டுக்கொண்டிருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். உறை நகர்ந்தால் அதன் பிடிமானம் தளர்ந்திருக்கிறது, அல்லது பிடிமானமே தவறான வகை.

பிடிமானம் இரண்டு வகை. ஒன்று, உறையின் முனையில் மரை இருக்கும். பிராக்கெட் தகட்டின் இரு பக்கமும் நட் வைத்து இறுக்குவது. மற்றது, மரையில்லாத உறையை வெறும் கிளாம்ப் கொண்டு கவ்வுவது. த்ராட்டில், மிக்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை), ப்ராப் (ப்ரொப்பெல்லர் பிட்ச்) மூன்றுக்கும் முதல் வகைதான் வேண்டும். ரப்பர் பதித்த அடெல் கிளாம்ப் உறையைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான். தள்ளும் விசையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. நடுவழியில் நாலு அடெல் கிளாம்ப் போட்டிருக்கிறேன், அதனால் முனையில் நட் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிராக்கெட்டையும் சந்தேகப்படுங்கள். என்னுடைய பிராக்கெட் 1.6 மி.மீ. அலுமினியத் தகடு, 'எல்' வடிவத்தில் ஒரே ஒரு மடிப்பு. கையால் வளைத்தால் வளையவில்லை, அதனால் போதும் என்று விட்டுவிட்டேன். ஆனால் குமிழைத் தள்ளும்போது பிராக்கெட்டின் தலை 2 மி.மீ. பின்னால் சாய்ந்து நிமிர்ந்தது. பக்கவாட்டில் ஒரு முக்கோணத் தாங்கு வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குள் இரண்டு கேபிள்.

உறை அசையவில்லை, ஆனாலும் அசைவு தொலைகிறது என்றால் இழுக்கும்போதும் தள்ளும்போதும் தனித்தனியாகப் பாருங்கள். இழுத்தால் உடனே வருகிறது, தள்ளினால் தாமதிக்கிறது என்றால், தாங்கு இல்லாத உள்கம்பி எங்கோ வில்லாக வளைகிறது. கார்ப் ஹீட்டுக்கு (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தருவது) போடும் ஒற்றைக் கம்பி வகையில் இது சகஜம்: உறை முடிந்த இடத்துக்கும் லீவருக்கும் நடுவே கம்பி நீளமாக வெறுமனே தொங்கும். தாங்கில்லாத நீளம் இரண்டு மடங்கானால் கம்பி வளையாமல் தாங்கும் தள்ளுவிசை கால் பங்காகிவிடும். எனவே உறையின் முனையை லீவருக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள்.

இரண்டு திசையிலும் சமமாகத் தொலைகிறது என்றால் தேய்மானம். கேபிள் முனையில் உள்ள உருண்டை மூட்டான ராட் எண்டின் உருண்டை ஆடுகிறதா, லீவரில் உள்ள துளை முட்டை வடிவமாகிவிட்டதா, போல்ட்டின் உடலுக்குப் பதில் அதன் மரை துளைக்குள் உட்கார்ந்து அறுக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது புது விமானத்திலேயே இருக்கும்.

குமிழ் நகர்ந்தும் லீவர் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் முனை கழன்றுவிட்டது. ராட் எண்டில் உருண்டை கூண்டைவிட்டு வெளியே வந்துவிடுவது உண்டு. அதற்காகத்தான் போல்ட் தலைக்கும் ராட் எண்டுக்கும் நடுவே, கூண்டின் துளையைவிடப் பெரிய வாஷர் ஒன்று போடச் சொல்கிறார்கள். உருண்டை உடைந்தாலும் ராட் எண்ட் போல்ட்டை விட்டுப் போகாது, ஆட்டத்தோடாவது இறங்கிவிடலாம். லீவரின் இரு பக்கமும் தாங்கும் கவை வடிவ முனை இருந்தால் இன்னும் நல்லது. சுழலும் இணைப்பு என்பதால் கோட்டை நட்டும், அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும் வேண்டும். நைலான் பதித்த நட்டை இங்கே போடாதீர்கள்: சுழற்சியில் அது தளர்வது ஒரு பக்கம், 121 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்த நைலானை நம்பக் கூடாது என்பது இன்னொரு பக்கம். கவுலிங்குக்குள் அந்தச் சூடு அரிதல்ல.

ஆரம்பம் முதல் கடைசி வரை டைட்

இதுதான் அதிகம் கேட்கிற புகார். இதற்கு அதிகம் செய்யப்படும் தவறான வைத்தியமும் உண்டு: எண்ணெய் விடுவது. டெஃப்லான் உள்ளுறை உள்ள கேபிள்கள் உலர்ந்தே ஓட வேண்டியவை. எண்ணெய் விட்டால் ஒரு வாரத்துக்கு லேசாக இருக்கும். அப்புறம் தூசியைச் சேர்த்துக்கொண்டு, குளிரில் கெட்டியாகி, முன்பைவிட மோசமாகும். உள்ளே டெஃப்லான் இல்லாத பழைய இரும்புச் சுருள் உறைக்கு மட்டும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் நியாயம். எந்த வகை என்று தெரியாவிட்டால் விடாமல் இருப்பதே மேல்.

உண்மையான காரணம் பெரும்பாலும் வளைவு. ஒரு வளைவு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். பாதை முழுக்க எத்தனை டிகிரி திரும்புகிறது என்று கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வளைந்த உறைக்குள் கம்பியை இழுக்கத் தேவைப்படும் விசை மொத்தக் கோணத்தைப் பொறுத்து அடுக்குக்குறியாக ஏறும். தூணில் கயிற்றைச் சுற்றிப் படகைப் பிடித்து நிறுத்துகிறார்களே, அதே கணக்கு. உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், 90 டிகிரிக்கு முனையில் வேண்டிய விசையைப்போல் 1.27 மடங்கு கையில் வேண்டும். 180 டிகிரிக்கு 1.6 மடங்கு, 270 டிகிரிக்கு 2 மடங்கு, முழுச் சுற்று 360 டிகிரிக்கு 2.57 மடங்கு. தேய்ந்தோ அழுக்கேறியோ கெழு இரட்டிப்பானால் அந்த 360 டிகிரி பாதை 6 மடங்கைத் தாண்டிவிடும். புதிதில் நன்றாக இருந்த கேபிள் இரண்டு வருடத்தில் திடீரென்று முரடாக மாறுவதன் ரகசியம் இதுதான். குறைவாக வளைந்த பாதைக்கு அதே அழுக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது.

ஒரு தாளில் பாதையை வரைந்து கூட்டுங்கள். டாஷ்போர்டிலிருந்து கீழே 60, ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) நேராகத் திரும்ப 60, இன்ஜினுக்குக் கீழே போக 45, கார்புரேட்டர் பக்கம் ஏற 90. அதற்குள் 255 ஆகிவிட்டது. கடையில் கிடைத்தது தேவைக்கு மேல் நீளம் என்பதால் அதைச் செரிக்க ஒரு வட்டம் போட்டிருந்தால் இன்னொரு 360. நீளம் அதிகமான கேபிளைச் சுருட்டி வைப்பது எந்தக் கோளாறுக்கும் தீர்வு ஆகாது. சரியான நீளத்தில் ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

அப்போது வளைவின் ஆரம் முக்கியமில்லையா என்றால், முக்கியம், ஆனால் வேறு காரணத்துக்கு. விறைப்பான உள்கம்பி கூர்மையான வளைவில் உள்ளுறையை ஓரிடத்தில் அழுத்தி அறுத்துவிடும். ஒவ்வொரு கேபிள் வகைக்கும் தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச ஆரம் கொடுத்திருப்பார். அதைத் தொடாமல் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். முனையை ஒட்டியே வளைக்காதீர்கள்: மரைக் குழாய் முடிந்து சில சென்டிமீட்டராவது நேராகப் போன பிறகுதான் வளைவு தொடங்க வேண்டும்.

வளைவு குறைவு, ஆனாலும் டைட் என்றால் கிளாம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். அளவு சிறிய கிளாம்ப் உறையை நசுக்கும். பிளாஸ்டிக் கட்டு நாடாவை இடுக்கி வைத்து இறுக்கினாலும் அப்படித்தான். எந்த கிளாம்பைத் தளர்த்தும்போது குமிழ் பெருமூச்சு விடுகிறதோ அதுதான் குற்றவாளி.

ஓரிடத்தில் மட்டும் தட்டி நிற்கிறது

பாதி வரை நன்றாக வந்து, ஒரு புள்ளியில் முட்டி, தாண்டினால் மறுபடி லேசாகிறதா? கேபிளின் உட்புறம் அரிதாகவே இப்படிச் செய்யும். முனைக் கோணத்தைப் பாருங்கள்.

லீவர் வட்டவில்லில் போகிறது, கேபிள் நேர்கோட்டில் போகிறது. இரண்டையும் சமாதானப்படுத்தத்தான் உறையின் முனையில் ஆடும் குழாய் இருக்கிறது. பல தயாரிப்புகளில் அது நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 8 டிகிரி வரை ஆடும். அதைத் தாண்டினால் குழாய் ஓரத்தில் முட்டி, உள்தண்டு வளையத் தொடங்கும். நாளடைவில் தண்டு மரையின் அடியில் ஒடியும்.

கணக்கு எளிது. லீவர் துளை மையத்திலிருந்து 45 மி.மீ., மொத்த வீச்சு 75 டிகிரி என்றால் வில்லின் நடு உயரம் சுமார் 9 மி.மீ. கேபிளின் கோடு அந்த 9-ஐ இரண்டாகப் பிரித்துப் போகும்படி பிராக்கெட்டை வைத்தால், மேலே 4.5, கீழே 4.5 மட்டும் விலகும். ஆடும் குழாயின் கணுவிலிருந்து ராட் எண்டுக்கு 90 மி.மீ. இருந்தால் அது வெறும் 3 டிகிரி. பிராக்கெட்டை வில்லின் உச்சியோடு ஒட்டி வைத்துவிட்டால் 9 மி.மீ.யும் ஒரே பக்கம் விழுந்து 6 டிகிரி ஆகும். இன்னும் மூன்று நாலு மி.மீ. அங்கே இங்கே போனால் முட்டல் தொடங்கிவிடும். மேலிருந்து பார்க்கும்போதும் கேபிளும் லீவரும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இதைச் சரிசெய்ய வாஷர் அடுக்குவது போதும், ஆனால் மூன்று நாலு வாஷர் அடுக்குகிற நிலை வந்தால் பிராக்கெட்டை மாற்றுங்கள்.

ராட் எண்டின் உருண்டைக்கும் ஆடும் எல்லை உண்டு. ராட் எண்டைத் திரும்பாமல் பூட்டும் ஜாம் நட்டை இறுக்கும்போது ராட் எண்டும் சேர்ந்து திரும்பி, உருண்டை ஓரத்துக்குப் போய்விடும். அதனால் இறுக்கியபின் ராட் எண்டைக் கையால் இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக ஆட வேண்டும், முழு வீச்சின் இரு கோடியிலும்.

முழு வீச்சு கிடைக்கவில்லை

குமிழ் டாஷ்போர்டில் முட்டிவிட்டது, கார்புரேட்டர் லீவர் அதன் தடையைத் தொடவில்லை. தவறு. எப்போதும் இன்ஜின் பக்கத் தடைதான் முதலில் தொட வேண்டும்; குமிழுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இரு கோடியிலும்.

இதன் விளைவு ஒவ்வொரு கேபிளிலும் ஒவ்வொரு முகத்தோடு வரும். த்ராட்டிலில் முழு சக்தி வராது, அல்லது இன்ஜின் ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்டத்துக்கு) இறங்காமல், தரையிறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே போகும். மிக்சரில் சிவப்புக் குமிழை முழுக்க இழுத்தும் இன்ஜின் நிற்காமல் தடுமாறிக்கொண்டே ஓடும். அப்படியானால் எரிபொருளை முழுக்க நிறுத்தும் ஐடில் கட்-ஆஃப் வரை லீவர் போகவில்லை. எதிர்க்கோடியில் முழு ரிச் (எரிபொருள் மிகுந்த கலவை) கிடைக்காவிட்டால் அது இன்னும் ஆபத்து: டேக்-ஆஃபில் சிலிண்டர் தலை சூடேறும், காரணம் தெரியாமல், குளிர்காற்றைத் திருப்பும் பேஃபிள் தகட்டைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள். ப்ராப் கேபிளில், ப்ரொப்பெல்லர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லீவர் அதிக ஆர்.பி.எம். தடையைத் தொடாவிட்டால் டேக்-ஆஃபில் ஆர்.பி.எம். குறையும். ஆனால் விமானம் நிற்கும்போது மட்டும் குறைவாக இருந்தால், ப்ரொப்பெல்லர் அலகின் தாழ்பிட்ச் தடையும் (அலகு அதற்கு மேல் தட்டையாகாமல் நிறுத்துவது) காரணமாக இருக்கலாம், எல்லாப் பழியையும் கேபிள் மேல் போட வேண்டாம்.

முதலில் ராட் எண்டைச் சில சுற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு கோடியில் அதிகம், மறுகோடியில் குறைவு என்றால் இதிலேயே தீரும். ராட் எண்டை வெளியே திருப்பும்போது மரை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று காட்டும் சாட்சித் துளையை மறக்காதீர்கள்: மெல்லிய கம்பி அந்தத் துளைக்குள் புகுந்தால் மரை போதுமான அளவு உள்ளே இல்லை.

இரு கோடியிலும் குறைவு என்றால் கேபிளின் வீச்சே போதவில்லை. மறுபடி அதே லீவர்: 45 மி.மீ., 75 டிகிரி. நேர்கோட்டில் அதற்கு 55 மி.மீ. ஓட்டம் வேண்டும். உங்கள் கேபிள் 50 மி.மீ. வீச்சு என்றால் என்ன திருகினாலும் 5 மி.மீ. குறையும். 38 மி.மீ. துளைக்கு மாற்றினால் 46 மி.மீ. போதும், இரு பக்கமும் இரண்டிரண்டு மி.மீ. மிஞ்சும். பதிலுக்குக் கை விசை ஐந்தில் ஒரு பங்கு போல ஏறும், அசைவும் அதே அளவுக்குக் கூர்மையாகும். ஆனால் லீவரில் உங்கள் இஷ்டத்துக்குத் துளை போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் உலோகம் போதாவிட்டால் விரிசல் விடும். வேறு துளை உள்ள லீவர் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இன்ஜின் ஓடும்போது ஆர்.பி.எம். தானாக மாறுகிறது

நின்றிருக்கும்போது எல்லாம் சரி, ஓடும்போது மட்டும் விளையாட்டு. இரண்டு காரணங்களைப் பிரித்தறியுங்கள்.

குமிழ் இருந்த இடத்திலேயே இருந்து ஆர்.பி.எம். மட்டும் மாறினால், உறை ஃபயர்வாலில் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. சக்தி கொடுக்கும்போது முறுக்கத்தில் ஒரு பக்கம் சாய்கிறது. அணைக்கும்போது குலுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உறை ஃபயர்வாலில், லீவர் இன்ஜினில் என்றால், இன்ஜின் அசைகிற ஒவ்வொரு அசைவும் த்ராட்டில் உத்தரவாக மாறும். உறையின் கடைசிப் பிடிமானம் இன்ஜினிலேயே, முடிந்தால் கார்புரேட்டரை ஏந்தும் அதே பாகத்தில், இருக்க வேண்டும். ஃபயர்வாலுக்கும் அந்தப் பிடிமானத்துக்கும் நடுவே உறை தாராளமான வளைவில் தளர்ந்து கிடக்கட்டும். அங்கே நேராக விறைத்து நின்றால் இன்ஜின் அதைப் பிடித்து ஆட்டும்.

குமிழே நகர்கிறது என்றால் குமிழை வைத்த இடத்தில் நிறுத்தும் உராய்வுப் பூட்டு தளர்ந்திருக்கிறது. ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் பிங் நிறுவனக் கார்புரேட்டர் போட்டவர்கள் இதை முதல் நாளே சந்திப்பார்கள். அங்கே கார்புரேட்டர் ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கும் பக்கம் இழுக்கிறது. கேபிள் அறுந்தால் இன்ஜின் சாகாமல் முழு சக்திக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு. வானத்தில் அது வரம். தரையில், ஐடிலில் கையை எடுத்ததும் குமிழ் முன்னால் ஊர்ந்தால் வரம் இல்லை. பூட்டை இறுக்குங்கள், அதற்காக ஸ்பிரிங்கை எடுத்துவிடாதீர்கள். அறுந்த கேபிளோடு முழு சக்தியில் பறக்க நேர்ந்தால் ஓடுதளத்தை எட்டும் உயரம் கைவந்த பிறகு இக்னிஷனை அணைத்து இறங்கலாம். ஸ்பிரிங் இல்லாமல் சக்தி போய்விட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

இரண்டு கார்புரேட்டர், ஐடிலில் நடுக்கம்

912 போல ஒரு குமிழிலிருந்து இரண்டு போடன் கேபிள் (இழுக்க மட்டும் உதவும் மெல்லிய கம்பி) பிரிந்து போகும் இன்ஜினில், ஐடிலில் நடுங்கி மேலே போனதும் அடங்கினால், கேபிள்கள் சமமாக வேலை செய்யவில்லை. அந்த நடுக்கம் சுகக்கேடு மட்டுமல்ல, கியர்பாக்ஸைத் தின்னும். ஐடிலை 1,400 ஆர்.பி.எம்.-க்குக் கீழே இறக்கி வைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முதலில் இயந்திரச் சமன்: ஐடிலில் இரண்டு லீவரும் ஒரே நேரத்தில் தடையைத் தொடுகின்றனவா, குமிழை நகர்த்தத் தொடங்கியதும் இரண்டும் ஒரே கணத்தில் கிளம்புகின்றனவா என்று பார்ப்பது. அதன் பிறகே வெற்றிடமானி. இரண்டு உள்ளிழுப்புக் குழாய்களையும் இணைக்கும் சமன்குழாயைக் கழற்றி, ஒவ்வொரு பக்கமும் ஒரு மானி பொருத்திப் பார்க்க வேண்டும். சமன்குழாய் இருக்கும்போதே அளந்தால் அது வித்தியாசத்தை மூடி மறைத்துவிடும். ஐடிலில் சமமாகக் காட்டி, கொஞ்சம் திறந்ததும் பிரிந்தால் கேபிளில் தப்பு. பெரும்பாலும் ஒன்று மற்றதைவிட அதிகம் வளைந்து போகிறது. இரண்டுக்கும் ஒரே நீளம், ஏறக்குறைய ஒரே மொத்தக் கோணம் கொடுங்கள். உறை முனைத் தொப்பி அதன் குழிவில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதி உட்கார்ந்த தொப்பி எல்லாச் சமனையும் ஒரே ஓட்டத்தில் கலைத்துவிடும்.

குளிர்ந்த இன்ஜினுக்கு அதிக எரிபொருள் தரும் சோக்கின் கேபிளில் ஒரு மி.மீ. அளவு தளர்வு இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சோக் பாதி திறந்தே கிடக்கும். பிளக் கறுப்பாகும், எரிபொருள் குடிக்கும், நடுக்கமும் கூடச் சேரும். சமன் செய்து செய்து அலுத்துப்போனவர்கள் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் கேபிள் சுடுகிறது

இது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நடக்கிற விஷயம். இன்ஜின் ரப்பர் மேல் நிற்பதால் அதற்கும் உடலுக்கும் மின்தொடர்பு தானாகக் கிடையாது. தடிமனான எர்த் பட்டை ஒன்றுதான் பாலம். அது தளர்ந்தோ துருப்பிடித்தோ போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். த்ராட்டில் கேபிளின் இரும்பு உறை அதற்கு நல்ல வழி. உள்ளுறை உருகும், கம்பி உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றியது, அதற்கடுத்து ஏதோ ஒரு கேபிள் டைட் ஆனது என்று இரண்டும் சேர்ந்து வந்தால் எர்த்தைப் பாருங்கள். மல்ட்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் கூட்டில். மீட்டர் ஒயரை நீளமாக்கி காக்பிட்டிலிருந்து படியுங்கள், முன்னால் யாரும் நிற்க வேண்டாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையையும் அதன் முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஒருமுறை சூடான கேபிளை மட்டும் தயக்கமில்லாமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க முடியாது.

குளிரில் மட்டும், சூட்டில் மட்டும்

மேலே போனதும் இறுகி, கீழே வந்து ஹேங்கரில் பார்த்தால் லேசாக இருக்கிறது என்றால், உறைக்குள் தண்ணீர் புகுந்து உறைகிறது. பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே என்று பாருங்கள். தண்ணீர் அங்கேதான் தங்கும். திறந்த முனை மேல்நோக்கி இருந்தால் மழையும் கழுவும் தண்ணீரும் அதற்குள் நேராக இறங்கும். முனையைக் கீழ்நோக்கித் திருப்ப முடியாவிட்டால் ரப்பர் மூடியாவது வேண்டும். கவுலிங்குக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

நேர்மாறாக, அரை மணி ஓடியபின் இறுகி, ஆறியதும் சரியாகிறது என்றால் புகைபோக்கி. கேபிள் அதைத் தொட வேண்டியதில்லை, பக்கத்தில் போனாலே கதிர்ச்சூடு போதும். டெஃப்லான் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வேறு பிளாஸ்டிக் உள்ளுறைகள் அதற்கு வெகு முன்பே மெத்தென்று ஆகிவிடும். பாதையை மாற்றுவது முதல் வழி, நடுவே மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டுக் கேடயம் இரண்டாவது வழி. வெப்பத் துணியைக் கேபிள் மேல் சுற்றிவிட்டுப் பாதையை அப்படியே விடுவது எனக்கு உடன்பாடில்லை. எண்ணெயை உறிஞ்சிய துணி புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருப்பது நிம்மதியான காட்சி அல்ல.

ஃபயர்வாலைத் துளைக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். வெறும் ரப்பர் வளையம் தீயில் நிமிஷத்தில் போய்விடும். கார்பன் மோனாக்சைடும் அந்த இடைவெளி வழியாகக் காக்பிட்டுக்கு வரலாம். திரும்பும் எஃகு உருண்டைப் பொருத்தி இருந்தால் கேபிள் சாய்வாக நுழையலாம், ஒரு வளைவும் மிச்சம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

த்ராட்டில், மிக்சர், ப்ராப் மூன்றுக்கும் தள்ளவும் இழுக்கவும் செய்யப்பட்ட, மரை முனை உள்ள கேபிள். கார்ப் ஹீட்டுக்கும் காக்பிட் ஹீட்டுக்கும் ஒற்றைக் கம்பி போதும். போடன் வகை, மறுமுனையில் ஸ்பிரிங் இழுத்துக்கொடுக்கும் இடத்தில் மட்டும். ஸ்பிரிங் இல்லாத லீவரை போடன் கேபிளால் தள்ளிப் பார்க்க நினைக்காதீர்கள்.

நீளத்தை அளக்க டேப் உதவாது. கேபிளின் தடிமனுக்கு நெருங்கிய, கொஞ்சம் விறைப்பான ஒரு குழாயை அசல் பாதையில் ஓடவிட்டு, கிளாம்புகளில் தற்காலிகமாகக் கட்டி, இரு முனையிலும் குறி போடுங்கள். இன்ஜின், புகைபோக்கி, காற்றுப்பெட்டி, கவுலிங் எல்லாம் இடத்தில் வந்தபிறகுதான் இதைச் செய்ய வேண்டும். புகைபோக்கி வருவதற்கு முன்பே கேபிள் ஆர்டர் செய்தவர்கள் அப்புறம் அதைக் கதவுக் கயிறாகப் பயன்படுத்துவார்கள்.

கவுலிங் போட்டபின் மட்டும் வருகிற கோளாறு

கவுலிங் திறந்திருக்கும்போது எல்லாச் சோதனையும் பாஸ், மூடியதும் த்ராட்டில் கடைசி 10 மி.மீ. நகர மறுக்கிறது. கீழ்க்கவுலிங்கின் உட்புறம் லீவர் முனையைத் தொடுகிறதா என்று பார்க்க, லீவரின் நுனியில் கொஞ்சம் களிமண் ஒட்டிவிட்டு கவுலிங்கை முழுசாகப் பூட்டி, குமிழை இரு கோடிக்கும் கொண்டுபோய், மறுபடி கழற்றிப் பாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் இடம் தெரிந்துவிட்டது. நின்றிருக்கும் இன்ஜினில் 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஓடும் இன்ஜின் அதைவிட அதிகமாக ஆடும். உள்ளே காக்பிட்டில் இதன் இன்னொரு வடிவம் உண்டு: சுக்கான் மிதியை முழுசாக அழுத்தும்போது மட்டும் மிக்சர் அசைவது. மிதியின் கை, தொங்கும் கேபிளைத் தட்டுகிறது. இரண்டு மிதியையும் முழுக்க அழுத்தி, ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு நிலையிலும் மூன்று குமிழையும் கோடிக்குக் கோடி நகர்த்திப் பாருங்கள். ஃபயர்வாலுக்கு இந்தப் பக்கம் கிளாம்ப் ஒன்று கூடுதலாகப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.